முதுகு நோகுது எண்டு ஒரு பிள்ளை சொன்னால்

எங்கட ஊரில் பாரம் தூக்குவது ஒரு தொழில். திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் ஆழத்தைப் பற்றி எழுதுவார்கள், 1957 வரை இங்கே தளம் வைத்திருந்த பிரித்தானியக் கடற்படையைப் பற்றி எழுதுவார்கள், எண்ணெய்க் குதங்களைப் பற்றி எழுதுவார்கள். துறைமுகத்தை அண்டியிருக்கிற எங்கட ஒழுங்கைகளில் அது எத்தனை மூட்டை, எத்தனை நடை, நாள் கூலி எவ்வளவு என்ற கணக்கு. என்னுடைய தாத்தா இருபது வருசத்துக்கு மேல் லொறிகளில் சீமெந்துப் பை ஏற்றி இறக்கினவர். ஒரு பை 50 கிலோ. இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. கதிரையில் இருந்து எழும்ப வேண்டுமென்றால் முதலில் சுவரைத் தேடுவார்.

ஒரு மனிதன் எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு உலகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் தாபனம் 1967இல் கையால் பாரம் தூக்குவது பற்றி ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. அதோடு சேர்ந்து வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. பெண்களும் இளவயதினரும் தூக்குவது இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாத்தாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். "நாங்கள் ரெண்டு பையையும் ஒண்டா ஏத்தினனாங்கள் பிள்ளை" என்றார்.

இந்தக் கணக்கை நான் தேடிப் போனது தாத்தாவுக்காக இல்லை. தங்கச்சிக்காக.

தங்கச்சி எட்டாம் வகுப்பு. நான் வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிறபடியால் மாதத்தில் ஒருதரம், சிலவேளை இரண்டு மாதத்தில் ஒருதரம்தான் வீட்டுக்கு வருவேன். இந்த வருசம் தொடங்கினதில் இருந்து ஒவ்வொருமுறை வரும்போதும் அவள் ஒரே ஒரு விசயத்தைச் சொன்னாள்: "அக்கா, முதுகு நோகுது." தோள்பட்டைக்கு நடுவில் ஒரு இடத்தைக் காட்டுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடுதலாக நோகுமாம், ஞாயிற்றுக்கிழமை நோகாதாம்.

வீட்டில் எல்லாரிடமும் அதற்கு விளக்கம் இருந்தது. அம்மா சொன்னது, வளைந்து படுக்கிறதால். சித்தி சொன்னது, ஃபோன் பார்க்கிறதால். தாத்தா சொன்னது, "இந்த வயசில என்ன முதுகு நோ?" பக்கத்து வீட்டு அன்ரி சொன்னது, வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்து காணாது. இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஏன் நோகவில்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பையை நிறுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். மாமா மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர். அவரிடம் கொக்கி போட்ட சின்ன மின்தராசு ஒன்று இருக்கிறது, பாரை, சூரை எல்லாம் தொங்குகிற தராசு. ஒரு புதன்கிழமை பின்னேரம் தங்கச்சியின் பையை அதில் தொங்க விட்டோம். 6.9 கிலோ. மாமா இரண்டாம் தரமும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒரு நல்ல அறுக்குளா" என்றார். தங்கச்சியின் நிறை 34 கிலோ. அவளுடைய உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பைக்குள் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தோம். வெறும் பை 900 கிராம். ஒரு லீற்றர் தண்ணியோடு போத்தல் 1.2 கிலோ. சாப்பாட்டுப் பெட்டி அரைக் கிலோ. ஒன்பது பாடநூல்கள் 2.4 கிலோ. மட்டை போட்ட சிஆர் கொப்பிகளும் ரியூசன் கொப்பிகளும் 1.4 கிலோ. கொம்பாஸ் பெட்டி, பேனை, பசை, கலர்ப் பென்சில் எல்லாம் 300 கிராம். ஒரு குடை 200 கிராம். வீண் சாமான் என்று தூக்கி எறிய ஒன்றும் இல்லை. ஒரு விளையாட்டுச் சாமான் கூட இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

எவ்வளவு தூக்கலாம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் உடல் நிறையில் 10 முதல் 20 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்திய அரசு 2020இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை 10 வீதம் என்கிறது. எங்கட நாட்டிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சமுதாய மருத்துவ நிபுணர் கபில ஜயரத்ன பள்ளிப் பைகளைப் பற்றி வேலை செய்தவர். 10 வீதம் என்றால் தங்கச்சி தூக்க வேண்டியது 3.4 கிலோ. அவள் தூக்குவது அதில் இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பையின் பாரம்தான் பிள்ளைகளின் முதுகு நோவுக்குக் காரணம் என்று வைத்தியம் உறுதியாகச் சொல்லவில்லை. 2018இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த மீளாய்வு, 72,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 69 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பையின் நிறைக்கும் முதுகு நோவுக்கும் இடையில் நம்பத்தகுந்த தொடர்பு கிடைக்கவில்லை என்றுதான் அது முடித்தது. பை தூக்கினால் முதுகெலும்பு நிரந்தரமாகக் கோணிப் போகும் என்று ஊரில் பயப்படுத்துகிறார்களே, அதற்கும் ஆதாரம் இல்லை. நோவுக்கு வேறு காரணங்கள் நிறைய: மணித்தியாலக் கணக்காக ஒரே வாங்கில் இருப்பது, விளையாடாமல் விடுவது, நித்திரை குறைவு, மனக்கவலை.

ஆனால் அதே மீளாய்வு இன்னொன்றையும் சொல்கிறது. தராசு காட்டும் நிறையோடு தொடர்பு தெளிவாக இல்லாவிட்டாலும், "பை எனக்குப் பாரமாக இருக்கு, தூக்கக் கஷ்டமாக இருக்கு" என்று பிள்ளையே சொல்வதற்கும் முதுகு நோவுக்கும் தொடர்பு இருப்பதற்கான அறிகுறி அந்த ஆய்வுகளில் சிலவற்றில் தெரிந்தது. அதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். நாங்கள் வீட்டில் தராசு தேடி, வீதம் கணக்குப் பார்த்து, கூகிளில் தேடிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தேவையான தகவலைத் தங்கச்சி ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள்.

அவள் ஏன் இவ்வளவையும் காவுகிறாள்? அதையும் அவளிடமே கேட்டேன்.

"நேரசூசியில இருக்கிறதை மட்டும் கொண்டு போகலாம்தானே?"

"நேரசூசிப்படி நடக்காது அக்கா. ஒரு சேர் லீவு எண்டால் வேற ரீச்சர் வந்து தன்ர பாடம் எடுப்பா. புத்தகம் இல்லாட்டி எழும்பி நிக்க வேணும்."

"எத்தினை தரம் அப்பிடி நிண்டனி?"

"ஒருக்கா. அதுக்குப் பிறகு எல்லாத்தையும் கொண்டு போறன்."

ஒருதரம் எழும்பி நின்றதற்காக ஒரு பிள்ளை வருசம் முழுக்க ஒன்பது புத்தகம் காவுகிறது. கணிதப் பாடநூல் ஏற்கெனவே பகுதி 1, பகுதி 2 என்று பிரித்துத்தான் அச்சடிக்கிறார்கள், பிள்ளை ஒரு நேரத்தில் ஒன்றைக் கொண்டு போனால் காணும். தங்கச்சியின் பைக்குள் இரண்டு பகுதியும் இருந்தன. "சேர் எதைக் கேப்பார் எண்டு தெரியாது" என்றாள். புத்தகத்தைப் பிரித்து அச்சடித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். எழும்பி நிற்கிற பயத்தை அவர்களால் பிரிக்க முடியவில்லை.

எங்கட வீட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பையை அடுக்குவது அம்மா. இரவில் நேரசூசியைப் பார்த்து நான் ஒரு புத்தகத்தை வெளியில் எடுத்து வைத்தால், அம்மா அதைத் திரும்ப உள்ளே வைப்பா. "இருக்கட்டும், தேவைப்படும்." 1990இல் சண்டை தொடங்கி ஊரை விட்டு ஓடினபோது அம்மாவுக்குப் பதினாலு வயது. கையில் கிடைத்த ஒரு பையோடு போனவர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதி வைத்த கொப்பி எல்லாம் வீட்டோடு போய்விட்டது. பிறகு இன்னொரு ஊரில் ஒரு சிநேகிதியின் கொப்பியை இரவல் வாங்கி, இரண்டு மாதம் இருந்து முழுக்கப் பார்த்து எழுதினவ. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல் எப்போதும் ஒரு பை இருக்கிறது. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, எங்கட ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதற்குள். அம்மாவுக்கு நிரம்பின பை என்றால் தைரியம். ஒன்றும் விடுபடவில்லை என்று அர்த்தம்.

இதை நான் அம்மாவோடு சண்டை பிடித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் இரவு இரண்டு பேரும் சேர்ந்து பை அடுக்கும்போது தானாகச் சொன்னா. அதற்குப் பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. எங்கட ஊரில் பிள்ளையின் பைக்குள் புத்தகம் மட்டும் இல்லை, பெரியவர்கள் தொலைத்ததும் அவர்கள் பயப்படுவதும் சேர்ந்து இருக்கிறது. "பாரத்தைக் குறையுங்கோ" என்று சொல்வதால் மட்டும் குறையாது. எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டுப் போனதற்காகப் பிள்ளை தண்டிக்கப்படாது என்று உறுதி கொடுக்கவும் வேண்டும்.

தாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான். தாத்தா தூக்கினது எவ்வளவோ கூட. ஆனால் நடை முடிந்ததும் பாரத்தை இறக்கி வைத்தார், தேத்தண்ணி குடித்தார், ஏலாத நாளில் வேலைக்குப் போகாமல் இருந்தார். கூலி போகும், ஆனால் முடிவு அவருடையது. தங்கச்சிக்குத் தன் பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க இடம் இல்லை.

இந்தப் பிரச்சினை எங்கட ஊருக்கு மட்டும் உரியதில்லை. எண்பதுகளில் இந்திய ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்ட எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தன்னுடைய முதல் உரையிலேயே பள்ளிப் பிள்ளைகளின் பைப் பாரத்தைப் பற்றித்தான் பேசினார். அதன் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1993இல் அறிக்கை கொடுத்தது. பையின் பாரத்தைப் பார்க்கத் தொடங்கின அந்தக் குழு, அதைவிடப் பெரிய பாரம் ஒன்று இருக்கிறது என்று கண்டது: விளங்காமல் படிக்கிற பாரம். தமிழ்நாட்டில் 2012இல் முப்பருவ முறை வந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடநூல்களை மூன்று பருவமாகப் பிரித்து, அந்தந்தப் பருவத்துக்கு உரியதை மட்டும் பிள்ளைகள் கொண்டு போகும்படி செய்தார்கள். 2018இல் சென்னை உயர் நீதிமன்றமும் பையின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கட நாட்டில் 1980இல் இருந்து பாடநூல் இலவசம். அது பெரிய விசயம். அம்மாவின் தலைமுறை படித்ததே அதால்தான். இலவசமாகக் கிடைக்கிற புத்தகத்தை எப்படிக் காவுவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சரி, என்ன செய்யலாம்? எங்கட வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, பையைப் போடுகிற விதம். இரண்டு பட்டியையும் இரண்டு தோளிலும் போட வேண்டும். ஒரு தோளில் தொங்கவிட்டால் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, மற்றப் பக்கத் தசைதான் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும். பட்டியை இறுக்கிப் பையை முதுகோடு ஒட்ட வைக்க வேண்டும். பை இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடினால், அந்தப் பாரத்தைச் சமப்படுத்தப் பிள்ளை முன்னுக்கு வளையும், தலையையும் முன்னுக்கு நீட்டும். கழுத்து நோவு அங்கேதான் தொடங்குகிறது. பாரமான புத்தகங்களை முதுகுப் பக்கத்தில் வைக்க வேண்டும், தண்ணிப் போத்தலும் குடையும் பக்கப் பொக்கற்றுகளில் ஒவ்வொன்றாக. பை வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பட்டியைப் பாருங்கள். அகலமாக, உள்ளே பஞ்சு வைத்ததாக இருக்க வேண்டும். "மூண்டு வருசத்துக்குக் காணும்" என்று பிள்ளையைவிடப் பெரிய பை வாங்கினால், இருக்கிற இடம் எல்லாம் நிரம்பத்தான் போகிறது.

பையைத் தூக்கும்போது முழங்காலை மடித்து, முதலில் கதிரையிலோ மேசையிலோ வைத்து, அதில் இருந்து தோளில் போட வேண்டும். இதைத் தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்தது தாத்தா. "குனிஞ்சு தூக்காத பிள்ளை, இருந்து தூக்கு." அவருக்கு அது தொழில் அறிவு.

சில்லுப் பை வாங்கலாமே என்று சித்தி கேட்டா. எங்கட ஒழுங்கையில் மணலும் வடிகானும், பள்ளிக்கூடத்தில் படிகளும் இருக்கின்றன. சில்லுப் பை வெறுமையாகவே பாரம், படியில் அதைத் தூக்கத்தான் வேண்டும். வேண்டாம் என்று விட்டோம்.

தண்ணியைக் குறைக்கக் கூடாது. எங்கட வெயிலில் ஒரு லீற்றர் தண்ணி தேவை. பள்ளிக்கூடத்தில் நல்ல குடிதண்ணி இருந்தால், அரைப் போத்தலோடு போய் அங்கே நிரப்பலாம். இல்லாவிட்டால் அந்த ஒரு கிலோவுக்கு இடம் விட்டுத்தான் மற்றதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தங்கச்சியும் அம்மாவும் நானும் இருந்து நேரசூசிப்படி புத்தகங்களைப் பிரித்தோம். ஒன்பது புத்தகம் ஐந்தானது, ஒரு கிலோ குறைந்தது. சிஆர் கொப்பிகளுக்குப் பதிலாக மெல்லிய கொப்பிகளும், ரியூசனுக்கு ஒரு ஃபைலும் தாளும் என்று மாற்றினோம். இன்னொரு 600 கிராம். இப்போது பை 5.3 கிலோ. நோவு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள். ஆனால் 5.3 கிலோ இன்னும் 15 வீதத்துக்கு மேலே. அதற்குக் கீழே போக வீட்டால் முடியாது. பள்ளிக்கூடம் உதவி செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடம் என்ன செய்யலாம்? காசு பெரிதாகத் தேவைப்படாத மூன்று விசயம் எனக்குத் தெரிகிறது. நேரசூசி மாறினால் முதல்நாளே சொல்வது. சொல்லாமல் மாறின பாடத்துக்குப் புத்தகம் இல்லாவிட்டால் பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல் விடுவது. வருச முடிவில் திருப்பி வாங்குகிற பழைய பாடநூல்களில், அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு மட்டை கிழிந்தவற்றை வகுப்பு அலுமாரியில் பத்துப் பத்தாக வைப்பது. இரண்டு பேர் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் படிக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் மதில் கட்டுவதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதையும் பேசலாம். அம்மா அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறா. முன்பு ஒருதரமும் எழும்பிப் பேசாதவ.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நோவு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் தொடர்ந்தால், இரவில் நித்திரையைக் குழப்பினால், காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தால், கால் விறைத்தால் அல்லது பலம் குறைந்தால், பையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தோளை நிமிர்த்தித் தைலம் பூசுவது அதற்கு மருந்தில்லை. சாதாரண நோவுக்கு நல்ல மருந்து ஓடி விளையாடுவது. பின்னேரத்தில் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் பந்தடித்தால் முதுகுத் தசைக்கு அது போதும். ஆனால் அந்த மணித்தியாலத்தில்தான் ரியூசன் இருக்கிறது.

ரியூசனுக்கு வந்துவிட்டோம் என்றால், இதை வாசிக்கிற எங்களுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். எங்கட பீடத்தில் படிக்கிறவர்களில் எத்தனை பேர் லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம்? வீட்டு விறாந்தையில் பத்துப் பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பலகை. பள்ளிக்கூடத்தின் நேரசூசியை நாங்கள் மாற்ற முடியாது, கல்வி அமைச்சின் பாடநூலையும் மாற்ற முடியாது. ஆனால் "நாளைக்கு வரலாறு மட்டும்தான், ஒரு கொப்பி கொண்டு வந்தால் காணும்" என்று சொல்ல எங்களால் முடியும். இந்த லீவில் நான் ஆறு பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். பாடநூல் இரண்டு என்னிடம் இருக்கிறது, அது விறாந்தை மேசையிலேயே கிடக்கும். பிள்ளைகள் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வருவார்கள். மறந்துவிட்டு வந்தால் தாள் தருவேன்.

இரண்டாம் நாள் ஒரு பொடியன் கேட்டான்: "மிஸ், உண்மையா புத்தகம் வேண்டாமா? பிறகு ஏச மாட்டீங்கள்தானே?" மாட்டேன் என்றேன். மூன்றாம் நாளும் பை நிறையக் காவிக்கொண்டு வந்தான். நாலாம் நாள்தான் கொப்பியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளில் ஒற்றைக் கையை விட்டு ஓடி வந்தான். சொன்ன சொல்லை நம்ப அவனுக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. உங்கட வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு எத்தனை நாள் தேவைப்படும் என்று பாருங்கள்.